சோலார் வேலி துடிக்கும்போது எடை மெஷின் ஏன் குதிக்கிறது

கோத்தகிரி வட்டாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "சோலார் வேலி போட்டா வீட்டுல டிவி, கேமரா, நெட் பாக்ஸ் எல்லாம் போயிடுமா?" வேலிக் கம்பிக்குக் கரண்ட் துடிப்பை அனுப்பும் மெஷினின் டப்பாவில் எட்டாயிரம் வோல்ட், ஒன்பதாயிரம் வோல்ட் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து வரும் பயம். ரேடியோ, டிவி ரிப்பேரில் ஆரம்பித்து இன்று சிசிடிவி, இன்வெர்ட்டர் வரை பார்த்துவருகிற அனுபவத்தில் நான் சொல்வது ஒன்றே ஒன்று. எத்தனை வோல்ட் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். அது எங்கே பொறி விடுகிறது, எந்த வழியாக மண்ணில் இறங்கித் திரும்புகிறது, இந்த இரண்டையும் பாருங்கள். நன்றாகக் கட்டிய ஏழாயிரம் வோல்ட் வேலி பக்கத்து வீட்டு ரேடியோவைக்கூடத் தொந்தரவு செய்யாது. மோசமாகக் கட்டிய இரண்டாயிரம் வோல்ட் வேலி ஒரு ஊரின் நிம்மதியையே கெடுத்துவிடும்.

கெடுத்ததை நேரில் பார்த்திருக்கிறேன். குஞ்சப்பனைக்கு மேலே ஒரு இலை செட். சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகள் பறித்த பசுந்தேயிலையை அங்கே கொண்டுவந்து எடை போடுவார்கள், அங்கிருந்து ஃபேக்டரி லாரி ஏற்றிப் போகும். கொஞ்ச நாளாகவே அங்கே சச்சரவு. மதியம் எடை போட்டால் சரியாக இருக்கிறது, பொழுது சாய்ந்தபின் போட்டால் கணக்கு ஒத்துவரவில்லை. கடைசியாக வருகிறவர்கள் யார்? கீழ்ச்சரிவில் காடு வைத்திருப்பவர்கள், பெரும்பாலும் பெண்கள். சாக்கைத் தலையில் சுமந்து மேடேறி வருவதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். அவர்களுக்கு எடை போடும் பையன் மேல் சந்தேகம். பையன் நாணயமானவன், அதனால் அவனுக்கு மனசு நொந்துபோயிருந்தது. நான் போன அன்று ஒரு அக்கா நேராகவே சொன்னார்: "தம்பி, ஒரே சாக்கைத் தூக்கித் தூக்கி வெச்சா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு காட்டுது. மெசின் பொய் சொல்லுதா, மனுசன் பொய் சொல்றானா, அதை மட்டும் பார்த்துச் சொல்லு."

எடை மெஷினில் அரசு முத்திரை இருக்கும். அதை உடைத்துத் திறக்க எனக்கு உரிமம் கிடையாது, திறக்கவும் கூடாது. வெளியிலிருந்தே பார்த்தேன். முத்திரை போட்ட 20 கிலோ இரும்புக் கல்லை மேடையில் வைத்தேன். சிவப்பு எண்கள் 20.00 என்று நின்றன. கொஞ்சம் கழித்து 20.35. மறுபடி 20.00. பிறகு 19.70. மறுபடி 20.00. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் அதில் ஒரு தாளம் இருந்தது. ஏறத்தாழ நொடிக்கு ஒரு தடவை. அதே தாளத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் பேட்டரி ரூமிலிருந்து 'டக்... டக்' என்று மெல்லிய சத்தம். வேலி மெஷின். பையனை அனுப்பி அதை அணைக்கச் சொன்னேன். எண்கள் அப்படியே உறைந்து நின்றன.

"நின்னுடுச்சுங்ணா!" என்று அவன் அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான், இங்கே எண்ணைப் பார்க்காமலேயே. எங்கள் முகத்தைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருப்பான்.

யாருக்கும் இது தோன்றாததற்குக் காரணம் உண்டு. பகலில் ஆட்கள் வேலை செய்வதால் வேலியை மாலை ஆறு மணி வாக்கில்தான் போடுவார்கள். எடை மெஷின் பகலெல்லாம் ஒழுங்காக இருக்கும். கெடுதல் இருட்டோடு சேர்ந்து வந்ததால் பழி மனிதன் மேல் விழுந்தது. குதிப்பு மேலேயும் கீழேயும் போவதால் யாராவது ஒருவருக்கு லாபமும் வந்திருக்கும். ஆனால் நஷ்டம்தான் நினைவில் நிற்கும். தவிர, சாக்கு எடையைக் கழிக்க 'டேர்' பட்டனை அழுத்துகிற அந்தக் கணத்தில் குதிப்பு வந்தால், தப்பான பூஜ்யத்தை மெஷின் பிடித்துவைத்துக்கொள்ளும். அடுத்து ஏறும் சாக்கில் முழுவதுமாக அந்தப் பிழை இருக்கும், எண் ஆடாமல் நின்றாலும் இருக்கும். அரை கிலோ கொழுந்து என்பது சரிவில் நின்று முதுகொடியப் பறித்தது. அதை ஒரு துடிப்பு தின்றுவிட்டுப் போவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏன் எடை மெஷின் மட்டும் இவ்வளவு எளிதில் ஏமாறுகிறது? அதன் மேடைக்கு அடியில் 'லோட் செல்' என்ற உலோகத் துண்டு இருக்கிறது. பாரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய மின்தடைகளும் சேர்ந்து நீளும், சுருங்கும். அதிலிருந்து வரும் வோல்ட் மிகச் சிறியது. 5 வோல்ட் கொடுத்தால் முழுப் பாரத்துக்கு வழக்கமாக 10 மில்லிவோல்ட் திரும்ப வரும். 100 கிலோ மெஷின் என்றால் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிவோல்ட். அங்கே நான் பார்த்த குதிப்பு, 400 கிராம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வெறும் 40 மைக்ரோவோல்ட். ஒரு வோல்ட்டை 25,000 பங்கு வைத்தால் அதில் ஒரு பங்கு. அடுத்த அறையில் ஏழாயிரம் வோல்ட் துடிக்கிறது.

அந்த ஏழாயிரம் எப்படி வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலி மெஷினுக்குள் 12 வோல்ட் பேட்டரி கொடுக்கும் கரண்ட்டைச் சில நூறு வோல்ட்டாக ஏற்றி, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் ஒரு கெப்பாசிட்டரில் நிரப்புகிறார்கள். நிரம்பியதும் தைரிஸ்டர் என்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச் திறந்து அத்தனையையும் ஒரே மூச்சில் டிரான்ஸ்ஃபார்மருக்குள் கொட்டுகிறது. மறுபக்கம் வேலிக் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட். நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நீடிக்கும், பிறகு மறுபடி நிரம்ப ஆரம்பிக்கும். இந்த மெஷின்களுக்கு உலக அளவில் தரம் வகுத்திருக்கிறார்கள்: இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு நொடியாவது இடைவெளி இருக்க வேண்டும், ஒரு துடிப்பின் ஆற்றல் 500 ஓம் தடையில் 5 ஜூலைத் தாண்டக் கூடாது. அதனால்தான் தொட்ட மாடும் பன்றியும் அலறிப் பின்வாங்கும், சாகாது.

இப்போது கணக்கு. பக்கத்தில் ஓடும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே, தொட்டுக்கொள்ளாமலேயே, மிகச் சிறிய கெப்பாசிட்டர் ஒன்று தானாக உருவாகிவிடும். 10 பிக்கோஃபாரட் என்று வையுங்கள். ஏழாயிரம் வோல்ட் 50 மைக்ரோநொடியில் ஏறினால், அந்த ஒன்றுமில்லாத இடைவெளி வழியாக 1.4 மில்லிஆம்பியர் பாயும். லோட் செல்லின் 350 ஓம் தடையில் அது அரை வோல்ட். இரண்டு சிக்னல் கம்பியிலும் ஒரே அளவாக ஏறினால் மெஷின் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிடும், பாதகமில்லை. ஆனால் அந்த அரை வோல்ட்டில் 12,000-இல் ஒரு பங்கு ஏறுமாறாகிவிட்டால் போதும், 400 கிராம் காணாமல் போக.

இதுகூட வேலி சரியாக இருக்கும்போது வரும் கதை. எங்கேயாவது ஒரு இடைவெளியைத் தாண்டிப் பொறி விழுந்தால் கதை வேறு. அதே ஏழாயிரம் வோல்ட் 50 மைக்ரோநொடியில் இல்லை, சில நானோநொடியில் சரிகிறது. ஆயிரம் மடங்குக்கு மேல் வேகம். பக்கத்துக் கம்பிகளில் ஏறுவதும் அதே விகிதத்தில் கூடும். வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயைச் சட்டென்று மூடினால் வீட்டுச் சுவரே அதிருமே, அதுபோல எவ்வளவு அழுத்தம் என்பதைவிட எவ்வளவு திடீர் என்பதே அடியைத் தீர்மானிக்கிறது. 1887-இல் ஹெர்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஒரு பக்கம் பொறியைத் தாண்டவிட்டு, அறையின் மறுபக்கம் ஒரு கம்பி வளையத்தின் இடுக்கில் குட்டிப் பொறி பறப்பதைக் கண்டார். உலகின் முதல் ரேடியோ டிரான்ஸ்மிட்டர்கள் பொறியில் ஓடியவை. எந்த அலைவரிசையையும் விட்டுவைக்காமல் எல்லாவற்றிலும் இரைந்ததால்தான் பின்னாளில் அவற்றை ஒழித்தார்கள். நம் தோட்டத்து வேலியில் ஒரு பொறி பறந்தால், நாம் அதே டிரான்ஸ்மிட்டரை மறுபடி கட்டியிருக்கிறோம்.

பொறியைத் தேடுவதற்கு நான் வைத்திருக்கும் கருவி, ஒரு பழைய கைரேடியோ. மீடியம் வேவில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைக்க வேண்டும். எஃப்.எம்.மில் வைத்தால் பிரயோஜனமில்லை, இந்த மாதிரி டிக் சத்தத்தை அந்த சர்க்யூட் வெட்டி எறிந்துவிடும். செட்டுக்குள் ரேடியோவைப் பிடித்தபடி நடந்தேன். ஜன்னல் பக்கம் மெல்லிய டிக். வாசல் பக்கம் அதைவிடக் குறைவு. எடை மேடைக்கும் பின்சுவருக்கும் நடுவே, சிமென்ட் தரைக்குப் பக்கத்தில் குனிந்தபோது ஸ்பீக்கர் 'டப், டப்' என்று அடித்தது. வேலிக் கம்பி வெளியே இருக்கிறது, தரைக்கடியில் என்ன வேலை அதற்கு?

விசாரித்ததில் தெரிந்தது. வேலி போட்டுக் கொடுத்தவர்கள் மெஷினிலிருந்து வேலிக்குப் போகும் ஒயரைச் செட்டுக்கு அடியிலேயே புதைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதுவும் வீட்டு வயரிங்குக்குப் போடும் சாதாரண ஒயர். அந்த ஒயரின் தோல் 1,100 வோல்ட்டுக்குச் செய்தது. அதில் ஏழாயிரத்தை விட்டு, ஈர மண்ணில் புதைத்தால் எத்தனை நாள் தாங்கும்? பின்சுவருக்கு வெளியே தோண்டிப் பார்த்தோம். ஒரு முழ ஆழத்தில் சிவப்பு ஒயர், அதன் தோலில் கடுகளவு ஓட்டை, ஓட்டையைச் சுற்றிக் கறுப்பு வளையம், தொட்ட மண் கட்டி தட்டி வெந்துபோயிருந்தது. மெஷினைப் போடச் சொல்லி, டார்ச்சை அணைத்துப் பார்த்தால், நீல ஊசிமுனை ஒன்று நொடிக்கு ஒருமுறை மண்ணுக்குள் குத்திக்கொண்டிருந்தது.

அது ஒரு வழி. இன்னொரு வழி எர்த். எடை மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் உள் பேட்டரியில் ஓடவிட்டபோது குதிப்பு பாதிக்கு மேல் குறைந்தது, முழுதும் நிற்கவில்லை. குறைந்த பாதி, பிளக்கின் மூன்றாவது முள் வழியாக வந்துகொண்டிருந்தது. வேலியின் துடிப்பு கம்பி வழியே போய், யானையின் உடம்பு வழியாகவோ, புல்லின் வழியாகவோ மண்ணில் இறங்கி, மண் வழியாகவே மெஷினின் எர்த் ராடுக்குத் திரும்ப வேண்டும். இங்கே அந்த ராடை, கட்டடத்தின் எர்த் குழியிலேயே இறக்கியிருந்தார்கள். வேலை மிச்சம் என்று நினைத்திருப்பார்கள். அதன் விளைவு, ஒவ்வொரு துடிப்புக்கும் கட்டடத்து எர்த் முழுவதும் ஒரு கணம் எகிறி இறங்கும். பாறைக்கு மேல் கொஞ்சம் மண் மட்டும் உள்ள மலைச்சரிவில், அதுவும் கோடையில், எர்த் தடை ஏற்கெனவே கூடுதல். எகிறலும் கூடுதல். வேலியின் எர்த்துக்கும் மின்சார எர்த், டெலிபோன் எர்த் எதற்கும் நடுவே 10 மீட்டராவது இருக்க வேண்டும் என்று அதே தரக்குறிப்பு சொல்கிறது. காசு அதிகம் ஆகாத விஷயம், முப்பது நாற்பது அடி தள்ளி நடந்தால் போதும்.

வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ஒயரை வெட்டி எறிந்தோம். வேலிக்கென்றே வரும் கனத்த உறை போட்ட கேபிளைச் செட்டைத் தொடாமல் மறுபக்கம் கம்பங்கள் மேல் கொண்டுபோனோம். வேலியின் எர்த் ராடுகளைக் கீழ்ப்பக்கம், எப்போதும் ஈரம் இருக்கும் ஓடை ஓரத்துக்கு மாற்றினோம். எடை மெஷினின் பவர் கார்டில், ஒயர் வழியாக வரும் துடிப்பை அமுக்கும் ஒரு ஃபெரைட் வளையம். அவ்வளவே. வேலியைப் போட்டுவிட்டு 20 கிலோ கல்லை வைத்தேன். 20.00. அந்த அக்கா மேடையை விட்டு நகரவில்லை, இருட்டும்வரை எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையனிடம் போய், "மனசுல வெச்சுக்காத கண்ணு" என்றார்.

வேலியின் கடைக்கோடியில் டெஸ்டர் வைத்துப் பார்த்தபோது முன்பு இரண்டாயிரம் வோல்ட் அளவில் இருந்தது ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. கீழ்க்காட்டுக்காரர்கள் பன்றி வேலியைச் சட்டை செய்யாமல் நுழைகிறது என்று தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள், அதற்கும் இதே ஓட்டைதான் காரணம். ரேடியோவில் கேட்ட ஒவ்வொரு 'டப்'பும் பன்றிக்குப் போய்ச் சேராமல் மண்ணில் சிந்திய கரண்ட். இரைச்சலைத் தேடுவது ரேடியோ கேட்பவர்களின் கவலை மட்டும் இல்லை என்று நான் வாதாடுவது இதனால்தான். பலாப்பழ சீசனில் யானைகள் குஞ்சப்பனைப் பக்கம் இறங்கி வருவது எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தில் வேலியில் வோல்ட் இல்லை என்றால் மனிதனுக்கும் ஆபத்து, யானைக்கும் ஆபத்து.

மின்வாரியக் கம்பிகள் போடும் இரைச்சலுக்கு வேறு முகம். 1932-இல் பைக்காராவில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்ததிலிருந்து இந்த மலையில் பெரிய லைன்கள் உண்டு, குந்தா மின்திட்டம் வந்தபின் இன்னும் பெரியவை. பனிமூட்டத்தில் டவர் லைனுக்குக் கீழே நின்றால் 'ஸ்ஸ்ஸ்' என்று இரையும். அது கம்பியைச் சுற்றியுள்ள காற்றே மின்னேற்றம் பெறும் கொரோனா. ஈரம் கூடக் கூட அதுவும் கூடும், அது இயல்பு. ஆனால் தெருவில் போகும் 11 ஆயிரம் வோல்ட் லைனில் கொரோனாவுக்குப் பெரிதாக இடமில்லை. அங்கே ரேடியோ 'கர்ர்ர்' என்று உறுமினால், ஏதோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது பீங்கானில் விரிசல். 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டில் ஒவ்வொரு அரைச்சுற்றின் உச்சியிலும் பொறி தாண்டுவதால் நொடிக்கு 100 தடவை. அதனால்தான் டிக் இல்லை, உறுமல். மழை பெய்தால் தளர்ந்த போல்ட்டின் இடுக்கில் தண்ணீர் நிரம்பிப் பொறி நின்றுவிடும், வெயில் வந்ததும் மறுபடி தொடங்கும். ஆக, மழையில் நிற்கும் இரைச்சல் என்றால் தளர்ந்த இணைப்பு, மழையில் கூடும் இரைச்சல் என்றால் கசிவு. கம்பத்தின் எண்ணைக் குறித்து, வெயிலிலா மழையிலா என்பதையும் சேர்த்துச் சொன்னால் லைன்மேனுக்குப் பாதி வேலை மிச்சம். நாமே கம்பத்தில் கை வைக்கவே கூடாது.

இந்த மலையில் பொறிகளைப் பற்றி எல்லோரையும்விட அக்கறைப்பட வேண்டியது ஊட்டிப் பக்கத்து முத்தோரையில் இருக்கிறது. 1970-இல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டிய ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஊட்டியின் அட்சரேகை அளவே, ஏறத்தாழ 11 டிகிரி, சரிவு உள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, பூமியின் அச்சுக்கு இணையாக அதைப் படுக்கவைத்திருக்கிறார்கள். அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸில், விண்மீன்களுக்கு அப்பாலிருந்து வரும் சிக்னல். தளர்ந்த போல்ட்டின் பொறி அந்த அலைவரிசை வரைக்கும்கூட எட்டக்கூடியது. என் லோட் செல்லின் 40 மைக்ரோவோல்ட்டே அவர்களுக்கு இடி முழக்கம். அந்தச் சரிவைப் பார்க்கும்போதெல்லாம் சுற்றிலும் உள்ள ஒவ்வொரு வீட்டுப் பொறியையும் நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக்குள் இருப்பவற்றில் கொசு பேட், கேஸ் லைட்டர் இரண்டும் ஆயிரக்கணக்கான வோல்ட்தான். ஒரு சொடுக்கு, முடிந்தது. எலக்ட்ரானிக் கடிகாரத்துக்கோ சமையலறைத் தராசுக்கோ பக்கத்தில் சொடுக்கினால் எண் தாறுமாறாகலாம், இரண்டடி தள்ளிப் பிடித்தால் சரி.

ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மெஷினுக்குச் செலவு எதற்கு என்று வீட்டு 230 வோல்ட்டை நேரே கம்பியில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏழாயிரம் வோல்ட் கொல்லாது, இந்த 230 கொல்லும். துடிப்புக்கு நடுவே விடுபட ஒரு நொடி கிடைக்கிறது, நேர் லைனில் கிடைக்காது. யானையும் செத்திருக்கிறது, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் செத்திருக்கிறார்கள். அது குற்றம். 2023-இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்யும் விதிகளையே கொண்டுவந்திருக்கிறது. அப்படிக் கம்பி கட்டிய தோட்டத்துக்கு எந்த ரிப்பேருக்கும் நான் போவதில்லை. முதலில் கம்பியைக் கழற்றச் சொல்வேன்.

வேலி போடக் கூப்பிடும்போது, கேபிள் எந்த வழியாகப் போகிறது, எர்த் ராடு எங்கே இறங்குகிறது என்று ஒரு காகிதத்தில் வரைந்து தரச் சொல்லி வாங்கி வையுங்கள். குஞ்சப்பனையில் அந்தக் காகிதம் இருந்திருந்தால் தோண்டாமலேயே தெரிந்திருக்கும். வேலி மெஷின் உள்ள அறைக்கும் எடை மெஷின், கேமரா பெட்டி, டெலிபோன் ஒயர் எதற்கும் நடுவே முடிந்தவரை தூரம் விடுங்கள். டெலிபோன் ஒயரை வேலிக்கு இணையாக நெடுந்தூரம் கொண்டுபோகாதீர்கள், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கவிடுங்கள். மாதம் ஒருமுறை மாலையில் கைரேடியோவோடு வேலி ஓரம் ஒரு சுற்று நடங்கள், அடிக்கும் இடத்தில் புல்லையும் கொடியையும் வெட்டிவிடுங்கள். கைரேடியோ இல்லாதவர்கள் கடைக்கு வந்தால் என்னுடையதை எடுத்துப்போகலாம், மறுநாள் கொண்டுவந்து கொடுத்தால் சரி.